சுருளியாண்டி தூக்கி அடித்த பந்து

1934 மாசியில் மேகமலை எஸ்டேட் புல்தரையில் சுருளியாண்டி தூக்கி அடித்த டென்னிஸ் பந்து, இந்த வருஷம் தை ஒன்பதாம் தேதி காலை ஏழேகாலுக்குத் தரையிறங்கியது. மலைத்தோட்டங்களுக்கான சாம்பியன் போட்டியின் இறுதியாட்டம் அது. எஸ்டேட் துரையோடு ஆட வேண்டியவர் மலேரியாவில் படுத்துவிட்டார். ஆடாமல் ஜெயிப்பது மரியாதையில்லை என்று, அந்தத் தரையில் புல் வெட்டும் சுருளியாண்டியின் கையில் மட்டையைக் கொடுத்தார் துரை. நீ ஜெயித்தால் லைன் வீட்டுக் கூலி ஜனமெல்லாம் இந்தப் புல்லில் நடக்கலாம் என்று சிரித்துக்கொண்டே வாக்கும் கொடுத்தார். தினமும் குனிந்து வெட்டியவருக்கு எந்த இடத்தில் பந்து எப்படி எழும்பும் என்பது அத்துபடி. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்ற நேரத்தில் அவர் அடித்த பந்து மேகத்துக்குள் போனது, திரும்பவில்லை. பந்து விழும்வரை ஆட்டம் முடியாது, அதுவரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று நடுவர் நோட்டில் எழுதி வைத்தார். துரை மூன்று நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்துவலியோடு கப்பலேறினார்.

புல்லும் அன்றைய உயரத்திலேயே நின்றுகொண்டது. வெட்ட வேலையில்லாமல் போன சுருளியாண்டிக்குக் கோடு பூசும் வேலை கொடுத்தார்கள். பொங்கலுக்கு லைன் வீடுகளுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை, நீள மூங்கிலில் நார்க்கட்டைக் கட்டி, வெளியே நின்றபடியே பூச வேண்டும். அவருக்குப் பின் மகன், பேரன், இப்போது கொழுந்து பறிக்கும் கொள்ளுப்பேத்தி அனுசுயா. அவளுக்கு ஒரு ஆதங்கம் இருந்தது. எஸ்டேட்டில் சமதரை அது ஒன்றுதான் என்பதால் கல்யாணமெல்லாம் கீழே சின்னமனூர் மண்டபத்தில். அவள் கல்யாணத்துக்கு ரெண்டு ஜீப் ஆள்தான் இறங்க முடிந்தது. மகள் ஓவியா கல்யாணத்தில் லைனே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தை பிறந்தால் வழி பிறக்காமலா போகும் என்று, பத்திரிகையில் ‘இடம்: டென்னிஸ் புல்தரை’ என்றே அச்சடித்துவிட்டாள்.

எஸ்டேட் கிளார்க் சுரேஷ்கண்ணன் நடுவரின் நோட்டைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடிவந்தான். பந்து விழாமல் எப்படியக்கா என்றான்.

“விழுந்துரும்யா. எந்தப் பந்து மேலயே நின்னுருக்கு?”

முகூர்த்தம் ஏழரைக்கு. ஓடைப்பட்டி மாப்பிள்ளை வீட்டார் திராட்சைத் தட்டோடு வந்துவிட்டார்கள். நானூறு பேர் புல்லைச் சுற்றி வெளியே நின்றார்கள். மாப்பிள்ளையின் அத்தை, “இங்கன மணவறை எங்க ஆத்தா?” என்று கேட்டாள். அனுசுயா மேலே பார்த்தாள். பந்து வந்துகொண்டிருந்தது. பின்கோட்டருகே விழுந்து குதித்தது. எதிரில் எடுத்து அடிக்க ஆளில்லை. இரண்டாவது முறையும் குதித்து, வெளியே நின்ற சுரேஷ்கண்ணன் காலடிக்கு உருண்டு வந்தது. அவன் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு நெல்லளவுக்கு அனுசுயா பூசிய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கோட்டைத் தொட்டால் உள்ளே விழுந்த கணக்குத்தான்.

“உள்ளதான் விழுந்துருக்கு. ஜெயிச்சது சுருளியாண்டி ஐயா” என்று அவன் சொன்னபோது அனுசுயா வாய்விட்டு அழுதாள். அழுதபடியே முதல் காலை அவள்தான் வைத்தாள். யாரும் சொல்லாமலே எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. நாலு பந்தி நடந்தது, பாயசம் மட்டும் கடைசிப் பந்திக்குக் கொஞ்சம் பற்றவில்லை.

சாயங்காலம் பார்த்தால் புல் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது. மறுநாள் அனுசுயா அரிவாளைச் சாணை பிடிக்கக் கொடுத்தாள்.