குறை பூஜ்யம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போன இடத்தில் அவளும் மாப்பிள்ளையும் போட்ட சண்டையை ஓசியில் பார்த்தேன். எழுத்தாளனுக்கு உத்வேகம் வரும் வழி இதுதான்.

முதல் தொடக்கம்: 'நீல வானம் மெல்ல வெளுத்து...' வேண்டாம். நீலமாக இருந்ததும் வெளுத்ததும் ஒரு குடுவை.

மாப்பிள்ளை வேதியியல் ஆய்வாளர். அவர் கலக்கிய கரைசல் நீலமாகும், நிறமிழக்கும், யாரும் தொடாமலே மறுபடி நீலமாகும். எது எதுவாக மாறுகிறது என்று அம்புக்குறிகள் போட்டுப் படம் வரைந்து, கட்டுரை எழுதி அனுப்பினார். இதழும் ஏற்றுக்கொண்டுவிட்டது. பெருமை தாங்காமல் படத்தைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். தங்கை கணித ஆசிரியை. பால் எடுக்க வந்தவள் கதவைத் திறக்காமல் அங்கேயே நின்றுவிட்டாள்.

2

(வாசகர்கள் தப்பி ஓடும் பகுதி இது. சுருக்கமாக முடிக்கிறேன்.) வினைகளின் வேகம் தெரியாமலே, அம்புப் படத்தின் அமைப்பை மட்டும் வைத்துக் கலவையின் குணத்தைச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. அம்பு முனைகளில் உள்ள சேர்க்கைகளை எண்ண வேண்டும். படம் எத்தனை தனித் துண்டுகளாக இருக்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். ஒன்றையொன்று சாராத மாற்றங்கள் எத்தனையோ அதையும் கழிக்க வேண்டும். மிஞ்சுவதற்குப் பெயர் 'குறை'. அது பூஜ்யமானால் கலவை நீலம், வெளுப்பு என்று மாறி மாறி ஆடிக்கொண்டிருக்க முடியாது.

"உங்க படத்துல குறை பூஜ்யம்," என்றாள் தங்கை.

மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. "அப்ப சரிதானே?"

"குறை இல்லாததுதான் குறை. படம் சரின்னா உங்க குடுவை ஆடவே கூடாது."

"கண்ணால பாத்தேன்! வேகத்தை மாத்திப் போட்டா சரியாயிடும்."

"எந்த வேகம் போட்டாலும் இதே கதிதான். குடுவையை நான் ஒண்ணும் சொல்லல. ஏதோ ஒரு அம்பு விட்டுப்போச்சுங்கறேன்."

(அவள் புருஷனை 'நீங்க' என்று கூப்பிட்டால் கோபம் உச்சத்தில் என்று அர்த்தம்.)

3

'அவமானம் தாங்காத மாப்பிள்ளை படத்தைக் கிழித்து...' இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அவரை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். மறுநாள், மனைவி சொன்னது தப்பென்று காட்டத்தான் ஆய்வகம் போனார். சூட்டை மாற்றினார், வெளிச்சத்தை மறைத்தார். குடுவை ஆடியது. கடைசியில் காற்றை வெளியேற்றி, நைட்ரஜன் நிரப்பி, இறுக மூடினார். நீலம் போனது. திரும்பி வரவேயில்லை. இத்தனை நாளும் திறந்த வாய் வழியாக ஆக்ஸிஜன் உள்ளே போய்க்கொண்டிருந்தது. படத்தில் அதற்கு அம்பு இல்லை.

"மூடி வச்சுப் பாக்கற அளவுக்கு எவனுக்குய்யா நேரமிருக்கு? அச்சாகட்டும்," என்றார் ஆய்வகத் தலைவர். மாப்பிள்ளையின் பணிநீட்டிப்பில் கையெழுத்திட வேண்டியவர்.

[மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, 'அறிவியலின் அறம்...' சேச்சே, அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.]

"இல்ல சார். வீட்ல ஒருத்தி கண்டுபிடிச்சுட்டா," என்றார். கட்டுரையைத் திரும்பப் பெற்றார். கையெழுத்து இன்னும் விழவில்லை.

4

"ஒரு அம்பு விட்டுப்போச்சு," என்றார் வீட்டுக்கு வந்து.

"எது?"

"காத்து."

"காத்தையா மறந்தே?" சிரித்தவள், கட்டுரை போன விஷயம் கேட்டதும் அடங்கிப்போனாள். "நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

"வேற எவனாவது சொல்லியிருப்பான். அவன்கிட்ட என்னால கத்தக்கூட முடியாது."

அம்பைச் சேர்த்து எண்ணினார்கள். குறை ஒன்று. இனி ஆடலாம், ஆடியே தீர வேண்டும் என்றில்லை. தம் வீட்டில் குறை கிடைத்ததற்குக் கைதட்டிய தம்பதியை அன்றுதான் பார்த்தேன்.

5

புதிய கட்டுரையும் எழுதியாகிவிட்டது. யார் பெயர் முதலில்?

முடிவு அ: தங்கை பெயர். அப்படியானால் பணிநீட்டிப்புக்குக் காட்ட மாப்பிள்ளையிடம் கட்டுரை இல்லை, வேலை நிலைப்பது சந்தேகம்.

முடிவு ஆ: மாப்பிள்ளை பெயர். உலகம் என் தங்கையைக் 'கணவருக்கு ஒத்தாசை செய்தவர்' என்று பாராட்டிவிட்டுப் போகும்.

"குடுவை என்னுது," என்கிறார் அவர்.

"குறை என்னுது," என்கிறாள் அவள்.

மடிக்கணினி திறந்தே இருக்கிறது. பெயர் போடும் இடம் காலி. இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் உங்களைப் பார்க்கிறேன்.