சிப்பிப் பக்கத்து ஹாஃப்

கால்பந்தின் உள்ளும் புறமும் உணர்ந்த மூன்று ஞானிகள் ஒரே காலத்தில் ஒரே ஊருக்கு வாய்ப்பது உலக சரித்திரத்திலேயே அபூர்வம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் மட்டாஞ்சேரிக்கு அப்படி வாய்த்திருந்தது. மூவரில் யாருக்கும் டிக்கெட் வாங்கும் வழக்கம் இல்லை. ஆகையால் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், வேலி விழுந்து கிடந்த இடத்தில், சுண்ணாம்புச் சூளைக்காரர்கள் கொட்டியிருந்த சிப்பிக் குவியலை ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். சாயங்கால வெயில் நேரே முகத்தில் அடிக்கும். ஆடுகிறவர்கள் எல்லாரும் கறுப்புக் கறுப்பாக ஓடுவார்கள். நெற்றியில் கையை அணைத்துக் கொஞ்சம் குனிந்தால் கால்கள் மட்டும் தெரியும். கால்பந்துக்குக் கால் தெரிந்தால் போதும் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். நகர்ந்து உட்காரத் தெம்பில்லாத வயதில் இப்படி ஒரு முடிவு சௌகரியமாகவும் இருந்தது.

மூவரில் மூத்தவர் பிச்சுமணி. சுக்கு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கிடங்கு குமாஸ்தா. இரண்டாமவர் முகமது இஸ்மாயில், கயிற்றுக் கடைக்காரர். மூன்றாமவர் நல்லசிவம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வெல்ல மண்டி வைத்தவர். ஆட்டம் ஒன்றரை மணி நேரம் என்றால் அதன் பிறகு சாயாக்கடையில் இவர்கள் பேசுவது இரண்டரை மணி நேரம். கடைக்காரன் பெஞ்சுகளைத் தூக்கி மேஜை மேல் கவிழ்த்த பிறகும் நின்றுகொண்டு பேசுவார்கள்.

அந்த வருஷம் அவர்கள் பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். தோப்பும்படிப் பட்டறைப் பையன்கள் சேர்ந்து ஒரு டீம் வைத்திருந்தார்கள். பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடுவார்கள். ஒருவன் மட்டும் பூட்ஸ் போட்டிருப்பான். ஹாஃப் ஆட்டக்காரன், அதாவது நடுவில் நின்று பின்னால் வருவதை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறவன். பெயர் தெரியாது. கேட்பது ஞானிகளுக்கு அழகில்லை. பூட்ஸ்காரன் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவன் எப்போதும் இவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே ஆடினான். விஷயம் தெரிந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவனுக்கும் தெரிகிறது என்றார் இஸ்மாயில். அதை மற்ற இருவரும் மறுக்கவில்லை.

எட்டு ஆட்டம் பார்த்தார்கள். அவன் பாஸ் கொடுத்தால் பந்து கூட்டாளியின் காலுக்குப் போகாது. கூட்டாளி இன்னும் நான்கு அடி ஓடிப் போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் போகும். மூன்று பேர் சுற்றி வளைத்தாலும் பதற மாட்டான். பந்து வருவதற்கு முன்பே தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, யார் எங்கிருந்து பாய வருகிறான் என்று பார்த்து வைத்துக்கொள்வான். வந்தவன் வந்து சேரும்போது பந்து அங்கே இருக்காது. இது பாதி ஆட்டம். மீதிப் பாதியில் அதே பூட்ஸ்காரன், ஒருவன் பத்தடி தூரத்தில் வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்து உதைப்பான். பந்து சிப்பிக் குவியலைத் தாண்டி சாக்கடைக்குப் போகும். சில நாள் முன்பாதி பிரமாதம், பின்பாதி சாக்கடை. சில நாள் நேர்மாறு.

இதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை மூவருக்கும் இருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தால் முன்பாதி போய்விடும் என்பது நல்லசிவத்தின் கட்சி. காற்றின் திசை என்றார் இஸ்மாயில். பிச்சுமணி இரண்டையும் ஒதுக்கினார். பெரிய ஆட்டக்காரன் ஒரு பாதியை வேண்டுமென்றே கெடுப்பான். எதிராளி அவனைச் சாதாரணமாக நினைத்து ஏமாற வேண்டும் என்பதற்காக. இது மூளையால் ஆடும் ஆட்டம், நம் பக்கத்தில் யாரும் இதுவரை ஆடியதில்லை. மூன்று விளக்கத்தில் இதுதான் நீளமானது என்பதால் மற்ற இருவரும் ஏற்றுக்கொண்டார்கள்.

"சாமி சொன்னா செரிதான். பையனுக்கு மண்டைக்குப் பின்னாலயும் கண்ணு உண்டு" என்றார் இஸ்மாயில்.

"பின்னால இருக்க கண்ணு பாதி நேரம் தூங்குதே, வே" என்றார் நல்லசிவம். அவருக்கு ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது.

இந்தப் பேச்செல்லாம் சாயாக்கடையோடு போயிருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பிச்சுமணியின் கம்பெனிக்கும் ஒரு டீம் இருந்தது. அது அந்த மாதம் இன்னொரு ஏற்றுமதிக் கம்பெனியிடம் ஐந்து கோலில் தோற்றது. பம்பாயிலிருந்து முதலாளி டிரங்க் காலில் கூப்பிட்டுச் சுக்கு விலையைக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்டார். மானேஜர் வெங்கிடேஸ்வரன் பாலக்காட்டுக்காரர், பந்தைக் கையால் தொடுவது தப்பா சரியா என்பதில் அவருக்கு நிச்சயம் இல்லை. ஆனால் கிடங்கு குமாஸ்தா பெரிய கால்பந்து நிபுணர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யாரோ என்ன, பிச்சுமணியேதான் பல தடவை சொல்லியிருந்தார்.

மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல ஹாஃப் ஒருவனைக் காட்டினால் அவனுக்குக் கம்பெனியில் பியூன் வேலை. காட்டினவருக்கு டீம் செக்ரட்டரி பதவி, மாடியில் நாற்காலி.

பிச்சுமணி அந்த நாற்காலியைப் பார்த்தார். காயல் பக்கத்து ஜன்னலை ஒட்டிக் காலியாகக் கிடந்தது. கீழே கிடங்கில் அவர் இருபத்திரண்டு வருஷமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறார். சுக்குப் பொடியும் அதை வெளுக்கப் போடும் சுண்ணாம்பும் சேர்ந்து காலையில் மூக்கிலும் மத்தியானம் தொண்டையிலும் சாயங்காலம் நெஞ்சிலும் இருக்கும். தும்முவதற்குக்கூட அவருக்கு அலுத்துவிட்டது. வந்தால் வரட்டும் என்று காத்திருப்பார். வீட்டில் அனந்தலக்ஷ்மி அவர் வேஷ்டியைத் தனியாகத்தான் துவைப்பாள். ஜன்னல் வழியே வந்த காற்று மானேஜரின் காகிதங்களைப் படபடக்க வைத்தது. அந்தக் காற்றில் எந்த வாசனையும் இல்லை. கால்பந்தில் அவர் வாழ்நாளில் விரும்பியதெல்லாம் அந்த நிமிஷத்தில் அந்த நாற்காலியாகிவிட்டது.

அறிக்கை எழுத மூன்று நாள் ஆயிற்று. நான்கு பெரிய பக்கம், இங்கிலீஷில். பந்தைக் கொடுக்கும் துல்லியம், நெருக்கடியில் நிதானம், சுற்றுமுற்றும் அறியும் உணர்வு என்று தலைப்புப் போட்டுத் தனித்தனியாக எழுதினார். ஒரு பாதியைக் கெடுத்துக்கொள்ளும் தந்திரத்துக்கு மட்டும் ஒன்றேகால் பக்கம். இஸ்மாயிலுக்கும் நல்லசிவத்துக்கும் இங்கிலீஷ் தெரியாது. வாசித்துக் காட்டியபோது இருவரும் கண் கலங்கக் கேட்டார்கள். மானேஜர் முதல் பக்கத்தையும் கடைசிக் கையெழுத்தையும் பார்த்துவிட்டு, தோப்பும்படி டீமுக்குக் கடிதம் போடச் சொன்னார். பெயர் என்ன என்று கேட்டதற்கு, பூட்ஸ் போட்ட ஹாஃப் என்று எழுதினால் போதும், அங்கே அப்படி ஒருவன்தான் உண்டு என்றார் பிச்சுமணி.

திங்கட்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் ஒரே உயரம், ஒரே கறுப்பு, பட்டறை எண்ணெய் போகாத ஒரே மாதிரிக் கைகள். ஒருவன் கையில் இடது பூட்ஸும் மற்றவன் கையில் வலது பூட்ஸும் இருந்தன.

மானேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதென்னாக்கும் ஓய், ரெண்டா இருக்கு?"

பிச்சுமணிக்கு நெஞ்சில் சுக்கு ஏறியது. பையன்களே சொன்னார்கள். இடது பூட்ஸ்காரன் பெயர் இசக்கிமுத்து, ரைட் ஹாஃப். வலது பூட்ஸ்காரன் ஒச்சப்பன், லெஃப்ட் ஹாஃப்.

"டீமுக்கே ஒரு சோடிதான் இருக்கு சார்" என்றான் இசக்கிமுத்து. "கெழக்கு ஓரம் பூரா சிப்பி கெடக்கு, காலைக் கிழிச்சிரும். அந்தப் பக்கம் யாரு ஆடுதோமோ அவன் போட்டுக்கிடுவோம். பாதி ஆட்டத்துல பக்கம் மாறும்போது கழட்டி மத்தவனுக்குக் குடுத்துருவோம்."

யார் முதலில் போடுவது என்று மானேஜர் கேட்டார். அது டாஸ் விழுவதைப் பொறுத்தது, எந்த ஆட்டத்தில் எப்படி விழுந்தது என்று இப்போது ஞாபகமில்லை என்றான் ஒச்சப்பன். கடிதத்தில் பேர் போடாததால் டீம் கூடிப் பேசி இருவரையும் அனுப்பியதாகவும், எடுக்காதவன் சாப்பாட்டு மணிக்குள் பட்டறைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருப்பதாகவும் மரியாதையாகத் தெரிவித்தான்.

மானேஜர் அறிக்கையை எடுத்துப் புரட்டினார். நான்கு பக்கம், ஒரு ஆள். எதிரே இரண்டு ஆள், ஒரு சோடி. கணக்கு ஏதோ இடிக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. ஒன்றேகால் பக்கத் தந்திரத்தில் விரலை வைத்துக்கொண்டு, அப்படியானால் இது எந்தப் பையனைப் பற்றியது என்று கேட்டார்.

இந்த இடத்தில் தெரியாது என்று சொல்லியிருந்தால் பிச்சுமணி ஒரு தும்மலோடு கிடங்குக்குத் திரும்பியிருக்கலாம். அவர் ஜன்னலைப் பார்த்தார். மேலே வரும்போது படி பதினாறு என்று எண்ணியிருந்தார். இன்னொரு தடவை அத்தனையும் இறங்கிப் போய் முக்காலியில் உட்கார்வதை நினைத்ததும் முழங்கால் வலித்தது. நேரில் ஒரு முறை பந்தோடு பார்த்தால் சொல்லிவிடலாம் சார் என்றார்.

சுக்கு காயப்போடும் முற்றத்தில் ஏற்பாடாயிற்று. ஒரு ஓரத்தில் மாயம்மாளும் இன்னும் நாலு பெண்களும் முறம் வைத்துச் சுக்கு புடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் இரண்டு மூட்டையை இடைவெளி விட்டு நிறுத்தினார்கள். நடுவே பந்தைக் கொடுக்க வேண்டும். நெருக்கடி இல்லாமல் நிதானத்தைச் சோதிக்க முடியாது, அறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று மானேஜர் எடுத்துக்காட்டினார். ஆகவே யாராவது ஒருவர் எதிரே பாய்ந்து போக வேண்டும்.

"வேறே ஆள் எதுக்கு? நீர்தானே நிபுணர். நீரே பாயும்" என்றார்.

பிச்சுமணி வேஷ்டியை மடித்துக் கட்டினார். ஐம்பத்தொரு வயதில் முதல் தடவையாகக் கால்பந்துக்கு இத்தனை பக்கத்தில் நின்றார். தூரத்தில் பார்த்ததைவிடப் பந்து பெரிதாகவும் கல் மாதிரியும் இருந்தது. அந்த நேரம் பார்த்து மேலே மணி அடித்தது. பம்பாய் டிரங்க் கால். ஆகட்டும், முடித்து வையும், வந்து கேட்கிறேன் என்று மானேஜர் படியேறினார்.

பையன்கள் ஆளுக்கொரு பூட்ஸைப் போட்டுக்கொண்டார்கள். முதலில் இசக்கிமுத்து. பிச்சுமணி பாய்ந்தார். பாய்ந்தார் என்பது அறிக்கைக்கு வேண்டுமானால் பொருந்தும். பார்த்தவர்களுக்கு யாரோ பஸ்ஸுக்கு விரைகிற மாதிரி இருந்தது. தொம் என்று ஒரு சத்தம், பெண்கள் பக்கம் ஒரு கூச்சல், பிறகு சிரிப்பு. அடுத்து ஒச்சப்பன். பிச்சுமணி மறுபடியும் விரைந்தார். இந்தத் தடவை சத்தமே இல்லை. முழங்காலை உரசிக்கொண்டு காற்று மாதிரி ஏதோ போயிற்று. பெண்கள் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அவர் ஒரு மூட்டையில் சாய்ந்து நின்றார்.

மானேஜர் வந்து, யாரென்று முடிவாகச் சொல்லும்படி கேட்டார். பம்பாய் முதலாளிக்கு அப்போதுதான் ஆள் கிடைத்துவிட்டான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

பையன்கள் இருவரும் பிச்சுமணியையே பார்த்தார்கள். ஒச்சப்பன் முகத்தில் கவலை இல்லை. கண் எதிரே நடந்ததில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்பதுபோல நின்றான். இசக்கிமுத்து தன் இடது பூட்ஸைக் கழற்றக் குனிந்திருந்தான். பிச்சுமணிக்குக் கை கனத்தது. அதிகம் தூக்காமல் காட்டக்கூடிய தூரத்தில் இசக்கிமுத்துதான் இருந்தான்.

"இவனாக்கும் சார்" என்றார்.

இசக்கிமுத்து குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான், வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்து. ஒச்சப்பன் அவனிடமிருந்து இடது பூட்ஸை வாங்கினான். இரண்டு பூட்ஸையும் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மேஸ்திரி சொன்ன மணிக்கு முன்னால் பட்டறைக்குப் போய்விட்டான்.

மாயம்மாள் தலையைத் தூக்காமல் பக்கத்துப் பெண்ணிடம், முதல்ல அடிச்சவன் பந்து என் மொறத்துலல்லா விழுந்துச்சு, ஐயரு அவனையே புடிச்சுக்கிட்டாரு, என்னமோ அதுல ஒரு நுட்பம் இருக்கும்போல என்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அன்று மாலையே பிச்சுமணிக்கு மாடி நாற்காலி கிடைத்தது. காற்று வந்தது. தும்மல் நிற்கவில்லை, அது சுக்கைவிடப் பழைய பழக்கமாகியிருந்தது. சாயாக்கடையில் இஸ்மாயிலும் நல்லசிவமும் விடாமல் கேட்டார்கள். எதைக் கொண்டு கண்டுபிடித்தார், பாஸ் போன திசையா, தலை திருப்பிய விதமா, காலின் கோணமா. கடைக்காரன் பெஞ்சைத் தூக்கக் காத்துக்கொண்டிருந்தான். பிச்சுமணி, அதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும் என்றார்.

பந்து வந்த இரண்டு தடவையும் பிச்சுமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.