பரீட்சைக்கு ஒரு தலை

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சந்திரமதி, பன்வில பயிற்சி நிலையத்தில் முடிவெட்டப் பழகினாள். நாளைக்குப் பரீட்சை. வெட்டிக் காட்ட ஓர் ஆணைக் கூட்டிப்போனால்தான் சான்றிதழ். அது இருந்தால்தான் கண்டி சலூனில் வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்களோ அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காவடி இறக்கும்வரை கத்தரிக்கோலும் ஆகாது, கறியும் ஆகாது.

“அக்கா, ஒரு தலைகூடவா கெடைக்காது?” என்றாள் அழாத குறையாக.

ஊர் விஷயம் நாலு தெரிந்து வைத்திருப்பது இதற்குத்தான். நேரே தோட்டத் தலைவர் தங்கவேலுவிடம் போனேன்.

“மாமா, முந்தாநாளு வத்தேகம கடையில கோழிக் கொத்து ரொட்டி நல்லா இருந்துச்சா?”

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார். “மெதுவா பேசு புள்ள. மாமி இருக்கா. ஒனக்கு என்னா வேணும்?”

“வெரதந்தான் போயிருச்சே. அந்த முடிய சந்திரமதிக்குக் குடுங்க.”

“ஊரு கேட்டா?”

“அம்மன் கனவுல வந்து உத்தரவு குடுத்தாள்னு சொல்லுங்க.”

சந்திரமதி பாஸாகிவிட்டாள். மறுநாளே இன்னும் மூன்று பேருடைய கனவில் அம்மன் வந்து, அவளிடம் முடிவெட்டச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் எந்தக் கடையில் சாப்பிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.