லொரீன் நிரப்பிய முப்பது

என் அப்பா வின்னமக்கா ஊரில் ஆட்டு வியாபாரி. "விற்க வந்தவன் முகத்தை முதலில் பார், சரக்கை அப்புறம் பார்" என்பார். நான் ஆட்டை விட்டுத் துப்பாக்கிக் கடைக்கு மாறிவிட்டேன். விற்க வருகிறவர்களின் முகம் மட்டும் மாறவில்லை.

அக்டோபர் மாதத்து ஒரு காலையில் என் பழைய வாடிக்கைக்காரன் டெல்பர்ட் வந்து தன் மேக்னம் கைத்துப்பாக்கியை என் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தபோது, அவன் முகம் பல் பிடுங்க வந்தவன் முகமாக இருந்தது.

"இத எடுத்துக்க ஆன்டன். உனக்குத் தோணுறதக் குடு."

"தோணுறதக் குடுங்கிறவன நான் நம்பறதில்ல. என்ன கோளாறு?"

"சிக்குது. மூணு வெடிச்சா நாலாவது சிக்குது."

இருபத்திரண்டு அளவு மேக்னம் பொழுதுபோக்குக்காரர்களின் துப்பாக்கி. இதை வைத்துக்கொண்டு யாரும் மானுக்கும் போவதில்லை, திருடனுக்கும் காத்திருப்பதில்லை. காலி பியர் டின்கள்தான் இதற்கு எதிரி. முனையில் பூசணிக்காய் அளவு நெருப்பு. முழக்கம் பெரிய மனிதனுடையது, உதை கன்றுக்குட்டியுடையது. குறை ஒன்றே ஒன்று. தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், முப்பதை அடுக்கும்போது மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒன்று பின்தங்கினாலும் கொக்கி போட்டுக்கொள்ளும். அவசரக்காரன் கைக்கு அது வசப்படாது.

"துப்பாக்கி சிக்கல, நீதான் சிக்க வெக்கிற. இத்தன வருஷம் நல்லாத்தானே சுட்ட?"

"அதெல்லாம் லொரீன் நிரப்பினது."

லொரீன் அவன் மனைவி. இருபத்தாறு வருஷம், ஞாயிறு தவறாமல் ஊருக்கு வடக்கே இருக்கும் சரளைக் குழிக்கு இருவரும் போவார்கள். வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்து அவள் நிரப்புவாள், இவன் சுடுவான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்ச்சில், ட்வின் ஃபால்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்கு இரண்டு வாரம் என்று போனாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. சண்டை என்று எவரும் கேள்விப்படவில்லை. சண்டையாக இருந்தால் சமாதானமாவது பேசலாம்.

"சுடுதுன்னு காட்டு, ஒரு விலை. சிக்கினா இரும்பு விலை" என்றேன்.

வண்டிக்குப் போய் ஒரு காபி டப்பாவை எடுத்து வந்தான். உள்ளே சமையலறைத் துண்டில் சுற்றி, நிரம்பிய மேகசின் ஒன்று.

"போறதுக்கு முந்தின நாள் நிரப்பி வெச்சிட்டுப் போனா."

"அப்பலேருந்து அப்படியேவா இருக்கு? ஸ்பிரிங் தளந்திருக்கும்டா."

"சுட்டுட்டாத் தீந்துருமே."

பேரம் பேசியே வளர்ந்தவன் நான். "சுடலன்னாலும்தான் தளந்துபோகும்" என்றேன்.

குழிக்குப் போனோம். டின்களை அடுக்கிவிட்டுச் சுட ஆரம்பித்தான். சிக்கவே இல்லை. இரண்டரை வருஷத்துக்கு முன் ஒருத்தி சமையல் மேசையில் உட்கார்ந்து அடுக்கியது, ஒவ்வொன்றாக, அடம்பிடிக்காமல் மேலே வந்தது. பத்துக்குப் பிறகு நிதானித்தான். இருபதுக்குப் பிறகு ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஒரு சிகரெட் பற்றவைத்திருக்கலாம். இருபத்தொன்பதில் நிறுத்தி, கடைசித் தோட்டாவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"விலை பேசலாமா?"

"விக்கல."

அன்றைக்கே காலி மேகசினை ட்வின் ஃபால்ஸுக்குத் தபாலில் அனுப்பினான்.

"கடுதாசி வெச்சியா?"

"'நிரப்பி அனுப்பு'ன்னு எழுதினேன்."

"அவ்வளவுதானா? எப்படி இருக்கன்னு ஒரு வார்த்த? ஆடு வாங்க வர்றவனே முதல்ல வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னுதான்டா கேப்பான்."

"தோணல" என்றான். முகம் கறுத்துப்போயிற்று.

தபாலாபீஸ் என் கடைக்கு அடுத்த கட்டடம். தினம் பதினொரு மணிக்கு அங்கே எட்டிப் பார்த்துவிட்டு என் கடைக்கு வருவான். தேவையே இல்லாமல் ஒரு புட்டி எண்ணெய் வாங்கிக்கொண்டு போவான். பத்தொன்பதாம் நாள் கையில் ஒரு பெட்டியோடு வந்தான். மேகசின் போனபடியே காலியாகத் திரும்பியிருந்தது. கூடவே வந்திருந்த சீட்டை என் பக்கம் தள்ளினான்.

"டெல்பர்ட், தோட்டாவைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று உனக்கே தெரியும். இருபத்தாறு வருஷம் நிரப்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது 'நீ சுடறியா' என்று கேட்டாயா? உன் கை இடது பக்கம் இழுக்கிறது. அதையும் இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். லொரீன்."

"திட்டிட்டா. முடிஞ்சுது" என்றான்.

"எங்கப்பா ஒண்ணு சொல்லுவாரு. வாங்காதவன் 'நல்ல ஆடு'ன்னு தட்டிக் குடுத்துட்டுப் போயிருவான். வாயைத் தெறந்து பல்லு சொத்தைன்னு சொல்றான் பாரு, அவன்தான் வாங்குறவன்."

சீட்டைத் திரும்ப வாங்கி மூன்று தடவை படித்தான். பிறகு என்னிடம் ஒரு பெட்டித் தோட்டா வாங்கி, அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து நிரப்பப் பழகினான். நாலாவதில் கொக்கி. கொட்டிவிட்டுத் திரும்ப. ஏழாவதில் கொக்கி. மத்தியானத்துக்குள் கட்டைவிரல் நகமெல்லாம் சிவந்துவிட்டது. நான் வாங்கிவந்த சாண்ட்விச் காய்ந்துகொண்டிருந்தது.

"பத்துக்கு ஒரு தரம் உள்ளங்கையில தட்டுவா, டக்டக்குன்னு. எனக்கு முதுகுப் பக்கம் கேக்கும். நான் டின்னு அடுக்கிட்டிருப்பேன். திரும்பிப் பாத்ததே இல்ல, ஆன்டன்."

நான் கண்ணாடியைத் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கொட்டி, மேகசினைக் காலியாகவே பையில் வைத்தான்.

"நிரப்பாமயா போற?"

"அங்க போய் நிரப்புறேன், அவ முன்னால. அவ சுடட்டும்."

"உன் கைக்கு நாலாவதுல சிக்கும்டா."

"சிக்கட்டும். அவ சிரிப்பால்ல."

ட்வின் ஃபால்ஸ் நாலு மணி நேரத் தூரம். வண்டியில் ஏறுமுன், அந்தக் கடைசித் தோட்டா இருந்த சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.