பில் மேசைக்கு மேலே ஒட்டிய படம்

கஸ்தூரியின் படம் பொன்னேரி சூப்பர் மார்க்கெட்டில் ஏறிப் பதின்மூன்று நாளாகிவிட்டது. பில் போடும் மேசைக்குப் பின்னால், ஷாம்பு சரம் தொங்குகிற கம்பிக்கு மேலே, நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அடியில் சிவப்பு எழுத்தில் ‘திருடர்கள் ஜாக்கிரதை’. படத்தில் அவள் துணிப்பையின் காதைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் வெங்காயக் குவியலுக்குள் விட்டிருந்தாள்.

பழவேற்காடு ஏரிக்காரர்கள் யாரும் அதைப் பார்த்து வியந்திருக்கமாட்டார்கள். தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அகப்பட்டதைக் குனிந்துகூடப் பார்க்காமல் அதற்குள் போடுவார்கள். முப்பது வருஷமாக அப்படியே செய்துவந்த கைக்கு, எடுத்ததைக் கடைக்காரனின் பிளாஸ்டிக் கூடையில் போட வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

அதோடு வாசலில் ஒரு பலகை வேறு இருந்தது. ‘சொந்தப் பையுடன் வாருங்கள்’ என்று. கஸ்தூரிக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துச் சொன்னவள் மகள் நந்தினிதான். பொன்னேரியில் மாலை கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்துபோகிறவள். “பை எடுத்துனு வரச் சொல்றாங்க மா” என்றாள். உள்ளே கூடை இருக்கும், அதில்தான் போட வேண்டும் என்று சொல்லவில்லை. அதையும் சொல்லியிருந்தால் என்ன என்று பதின்மூன்று நாளாக நந்தினி தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சு கடைக்குள்ளேயே நின்றிருந்தால் அம்மாவும் மகளும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். கடைக்குப் பின்தெருவில்தான் கஸ்தூரி வாடிக்கையாக இறால் விற்கும் வீடுகள். அத்தனை பேரும் சாமான் வாங்குவது அதே கடையில். முதல் வாரம் ‘இன்னிக்கு வேணாம்மா’ என்றார்கள். அடுத்த வாரம் கதவே திறக்கவில்லை. மனோரமா அம்மா மட்டும்தான் ஜன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னாள்.

“உன் போட்டோ பாத்தேன் கஸ்தூரி. நான் நம்பல. ஆனா எங்க வீட்டுக்காரர் வேணாங்கறார்.”

“நம்பாதவங்க இறால் வாங்கலாமே மா” என்றாள் கஸ்தூரி. ஜன்னல் சாத்திக்கொண்டது.

அன்றிலிருந்து நந்தினி கடைக்கு நடையாய் நடந்தாள். முதல் தடவை மேனேஜர் வெளியே போயிருந்தார். இரண்டாவது தடவை, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். மூன்றாவது தடவை அம்மாவின் ஆதார் நகல் கேட்டார். கொடுத்தாள், எதற்கென்று தெரியாமலே. நான்காவது தடவை ஒரு தாளை நீட்டினார். ‘நான் செய்த தவறுக்கு வருந்துகிறேன், இனி இந்தக் கடைக்கு வரமாட்டேன்’ என்றிருந்தது. கைநாட்டு வைத்தால் படத்தை எடுத்துவிடுவாராம். நந்தினி தாளை மடித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது, வாங்கி வந்திருக்கலாமோ என்று நினைத்தாள். ஒரு கைநாட்டோடு போயிருக்கும்.

வகுப்பில் கேமரா மாட்டுகிற வேலை தெரிந்த ஒருவர், பதிவெல்லாம் பதினைந்து நாளில் அழிந்துவிடும் என்று சொல்லியிருந்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இன்னும் இரண்டு நாள்.

ஐந்தாவது தடவை கஸ்தூரியும் கூடவே வந்தாள். தலையில் இறால் கூடை. “நான் உள்ள வரல. நீ பேசு” என்று வாசலுக்குப் பக்கத்துச் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

கதவருகே காவல்காரர் பச்சைமுத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நந்தினிக்கு முன்னால் தோள்பையோடு போன பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நந்தினியிடம், “பைய இங்க வச்சிட்டுப் போ” என்றார்.

“அந்தக்கா வைக்கலையே.”

“அவங்க ரெகுலர் கஸ்டமர்.”

“நானும் அஞ்சாவது வாட்டி வர்றேண்ணா. நானும் ரெகுலர்தான்.”

பச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. பையை வாங்கி வைத்துக்கொண்டு, பத்தடி பின்னாலேயே வந்தார்.

மேனேஜர் சுபாஷுக்கு முப்பது வயதிருக்கும். அவளைப் பார்த்ததும் கண்ணை மூடித் திறந்தார். “உன்கிட்ட எத்தினி வாட்டிம்மா சொல்றது?”

“அன்னிக்குக் கேமராவுல பதிஞ்சத முழுசா ஒரு வாட்டி பாருங்க சார். பாத்துட்டு நீங்க இன்னா சொன்னாலும் நான் போயிடறேன். கிழமை, மணி எல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கேன்.” நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாள். பத்து நாற்பதிலிருந்து பதினொன்று ஐந்து வரை.

எழுதிவைத்திருந்ததைப் பார்த்தோ, இல்லை அவள் தொல்லை ஒழிந்தால் போதும் என்றோ, சுபாஷ் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

திரையில் கஸ்தூரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறாள். அவள் எதையும் தொடுவதற்கு முன்பே பச்சைமுத்து ஸ்டூலிலிருந்து எழுந்துவிடுகிறார். அவள் நின்றால் நிற்கிறார், நகர்ந்தால் நகர்கிறார். பருப்பு பாக்கெட், துணி சோப்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் பைக்குள் போகின்றன. வெங்காயக் குவியலுக்கு வந்ததும் பை பல்லுக்குப் போகிறது. அதைத்தான் படமாக எடுத்து ஒட்டியிருந்தார்கள்.

“இதான். இங்க பாரு” என்றார் சுபாஷ்.

“நிறுத்தாதீங்க சார். இன்னும் போகட்டும்.”

பை வாயிலிருந்து கைக்கு மாறுகிறது. கஸ்தூரி நேராகப் பில் போடும் இடத்துக்கு வந்து வரிசையில் மூன்றாவது ஆளாக நிற்கிறாள். முன்னாலிருப்பவர்கள் போகிறார்கள். அவள் பையிலிருந்து பருப்பை எடுத்து மேசையில் வைக்கிறாள். சோப்பை எடுத்து வைக்கிறாள். எண்ணெய்ப் பாட்டிலை எடுக்கும்போதுதான் பச்சைமுத்து வந்து அவள் கையைப் பிடிக்கிறார்.

சுபாஷ் பின்னால் ஓட்டி, அந்த இடத்தை இன்னொரு தரம் பார்த்தார். பச்சைமுத்துவும் எட்டிப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

“யாரா இருந்தாலும் கவனிக்கச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு” என்றார் சுபாஷ்.

“யாரா இருந்தாலுமா சார்? எனக்கு முன்னாடி ஒரு அக்கா பையோட வந்தாங்க. அவங்க பின்னாடி யாரும் போகல. எம்பின்னாடி இவரு நிக்கிறாரு.”

சுபாஷ் திரையை அணைத்தார். “பச்சமுத்து, அத எடுத்துடு” என்றார். பச்சைமுத்து படத்தைப் பிடுங்கினார். ஒரு மூலை சுவரிலேயே கிழிந்து நின்றது. மீதியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

இதற்குத்தான் ஐந்து தடவை நடந்தாள். ஆனாலும் நந்தினி நகரவில்லை. ஒட்டியிருந்ததைத் தெருவே பார்த்தது. எடுத்ததை யார் பார்த்தார்கள்? பில் போடும் பெண்ணும், அவளும், இந்த இரண்டு பேரும்.

“சார், திருடலைன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க.”

“எழுத்துல எதுவும் குடுக்க முடியாதும்மா.”

“அப்ப அந்தப் படத்தத் திரும்ப ஒட்டுங்க. கீழ ‘இவங்க திருடல, நாங்கதான் தப்பு பண்ணோம்’னு எழுதுங்க. பதிமூணு நாள் இருக்கட்டும்.”

“இன்னாம்மா, எடுன்னு சொன்ன, எடுத்தாச்சு. இப்ப ஒட்டுன்ற.”

“வாணாம்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கஸ்தூரி கூடையோடு உள்ளே வந்து நின்றிருந்தாள். கடைக்குள் இறால் வாசனை வந்தது. “எதப் போட்டும் எம்மூஞ்சிய ஒட்ட வாணாம். என்னக் கேட்டியா நீ?”

நந்தினிக்கு முகம் சுண்டிவிட்டது. கேட்கவில்லைதான். ஐந்து தடவையிலும் ஒரு தடவைகூட, உனக்கு என்ன வேண்டும் என்று அம்மாவைக் கேட்கவில்லை.

கஸ்தூரி சுபாஷைப் பார்த்தாள். “சார், அன்னிக்கு எம்பின்னாடி ஒரு ஆள அனுப்புனீங்க. இன்னிக்கு எம்முன்னாடி ஒரு ஆள அனுப்புங்க. பின்தெருவுல பதினோரு வூடு. இவரு ஒவ்வொரு கதவாத் தட்டி, ‘இந்தம்மா திருடல’ன்னு சொல்லட்டும். நான் பின்னாலயே வர்றேன்.”

“அதெல்லாம் நடக்காதும்மா. டியூட்டில இருக்காரு.”

“டியூட்டி முடிஞ்சதும் வரட்டும். நான் குந்தியிருக்கேன்.”

அவள் வெளியே போய், கதவுக்கு ஓரமாக, போகிறவர்களுக்கு வழி விட்டுக் கூடையை இறக்கி உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. போலீசைக் கூப்பிடுவேன் என்றார் சுபாஷ். “கூப்புடுங்க சார். அவங்களும் அந்தக் கேமராவப் பாக்கட்டும்” என்றாள் கஸ்தூரி. அவர் போனை எடுத்தார், யாரிடமும் பேசாமலே உள்ளே போய்விட்டார். பச்சைமுத்து ஸ்டூலுக்குத் திரும்பினார். அவருக்கும் கஸ்தூரிக்கும் நடுவே இரண்டு அடிகூட இருக்காது.

நந்தினி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. ஐஸ் உருகிக் கூடைக்கடியிலிருந்து படிக்கட்டில் வழிந்தது. மத்தியானத்துக்குள் விற்காவிட்டால் இறால் அத்தனையும் வீண்.

“எழுந்து வேற தெருவுக்குப் போலாம் மா.”

“வேற தெருவுல எனக்கு யாரையும் தெரியாது.”

பைக்கை நிறுத்திய ஒருவர் கூடையை எட்டிப் பார்த்து, “கிலோ எவ்ளோ?” என்றார்.

“விக்கிறதில்ல சார்” என்றாள் கஸ்தூரி.

“பின்ன எதுக்கு இங்க குந்தினு இருக்க?”

“அவரக் கேளுங்க.”

அவர் பச்சைமுத்துவைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல சார், நீங்க உள்ள போங்க” என்றார் பச்சைமுத்து. அடுத்து வந்த கணவன் மனைவிக்கும் அதே பதில்தான். கல்லூரிப் பெண்கள் மூன்று பேருக்கும், பிறகு வந்த இரண்டு பேருக்கும் அதேதான். நந்தினி எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். எட்டுத் தடவை ஒண்ணுமில்ல.

ஒன்பதாவதாக வந்தவள் ஒரு வயதான அம்மாள். மூச்சிரைக்கப் படியேறி, கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டாள். அதே கேள்வியைக் கேட்டாள். பச்சைமுத்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“இந்தம்மா எதுவும் எடுக்கல. நாங்கதான் தப்பா போட்டோ ஒட்டிட்டோம்.”

“இன்னாப்பா சொல்ற? காது சரியாக் கேக்கல.”

பச்சைமுத்து உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இறால் தண்ணீர் அவர் ஷூவுக்கடியில் வந்து தேங்கியிருந்தது. காலை நகர்த்தாமல், கொஞ்சம் சத்தமாக, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.