பீடி மேல் போட்ட பழி

...பீடி இல்லையாம்! பீடி இல்லாமல் வேறு எதுவாம், இந்தத் தியோடர் டாக்டர் என்னத்தைக் கண்டார், சீமையில் படித்துவிட்டு வந்தால் ஆச்சா, அய்யாவுவோடு குடித்தனம் பண்ண வந்த நாளிலிருந்து அந்தப் பீடிக்கட்டோடு சண்டை போட்டவள் பாஞ்சாலி, அவன் இருமும்போதெல்லாம் "ஊது, நல்லா ஊது" என்று கரித்துக் கொட்டியவள், அவளுக்குத் தெரியாததா... ஆஸ்பெஸ்டாஸாம். மில்லில் பாயிலர் குழாய்க்குச் சூடு போகாமல் சுற்றுவார்களே, அந்த வெள்ளைப் பஞ்சு. சுதந்திரம் வந்த வருஷம் அந்த வேலையில் சேர்ந்தவன், தினமும் புருவம் மீசையெல்லாம் வெள்ளையாக மாவு மில்லிலிருந்து வருகிறவன் மாதிரி வந்து நிற்பான். அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போய், நுரையீரலைச் சுற்றியிருக்கிற ஜவ்வில் குத்தி உட்கார்ந்து, இத்தனை வருஷம் கழித்துப் புற்றாகக் கிளம்புமாம். அடப்பாவி, ஒரே வீட்டில் சோறு தின்றுகொண்டு இத்தனை நாள் மூச்சுவிடாமல் இருந்ததா அது?

நாலு கட்டம் என்று டாக்டர் தன் நெஞ்சிலேயே கையை வைத்துக் காட்டினார். முதலில் ஒரு பக்கத்து ஜவ்வோடு நிற்கும், அடுத்தது நுரையீரலுக்குள் இறங்கும், மூன்றாவதில் நெஞ்சுச் சுவரைப் பிடிக்கும், நாலாவதில் வயிறு, எலும்பு என்று கண்ட இடத்துக்கும் போய்விடும்... மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுமே, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். "இவருக்கு மூணாவது" என்றார். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுத் தொலைத்தாளே, அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் மூணாவது போனால் பாஸ் என்றுதானே அர்த்தம், "அப்போ முக்காவாசி தேறிட்டாரா சார்?" என்று கேட்டும்விட்டாள். "இல்லம்மா, இது ஏற ஏற மோசம். முதல் கட்டம்னா ஆபரேஷன் யோசிக்கலாம். இப்போ நெஞ்சுல கட்டற தண்ணிய எடுக்கலாம், வலிக்கு மருந்து தரலாம், அவ்வளவுதான்." அந்தப் பரிதாப மூஞ்சியும் அவரும்! இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. போதாததற்கு, "அந்த ஆஸ்பெஸ்டாஸ் துணி எதாவது வீட்டுல இருந்தா உடனே எடுத்துடுங்க" என்று வேறு.

சரசு... லிங்கராஜபுரத்தில் மகள் சரசுவுக்கு ஒற்றை அறை வீடு, அடுப்புக்குப் பக்கத்திலேயே பேரனின் தூளி, பிள்ளைமேல் பொறி தெறிக்கக் கூடாதென்று போன மாசம்தான் மில்லிலிருந்து அந்தத் துணியைக் கொண்டுபோய் நடுவில் திரையாகக் கட்டினான் அய்யாவு. என்ன பெருமை அவனுக்கு! தீக்குச்சியைக் கிழித்துத் துணியில் வைத்து, எரியாது பார் என்று பிள்ளைக்கே காட்டினான். இதைச் சொன்னால் நாலாவது கட்டம் வரைக்கும் எதற்கு, இங்கேயே உட்கார்ந்த இடத்தில் செத்துப்போவான். இன்றைக்கே போய் அவிழ்த்துவிட வேண்டும், எலி கடித்துவிட்டது, நாற்றமடிக்கிறது, எதையாவது சொல்லி... "ஆச்செ ஹோகம்மா" என்று கன்னடத்தில் வெளியே விரட்டினாள் ஆயா. போறேன்டி, உன் ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொண்டு நீயே அழு.

வெளியே மரத்தடி பெஞ்சில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அய்யாவு. "இன்னாமே சொன்னாரு டாக்டரு?"

"இன்னா சொல்வாரு? பீடிதான்! தலபாடா அடிச்சிக்கினேனே, ஒரு நாளாவது கேட்டியாய்யா நீ?"

எதிர்த்துக் கத்துவான் என்று இருந்தாள். எப்போதும் கத்துகிறவன்தானே, உங்கப்பன் வீட்டுக் காசிலா ஊதறேன் என்று ஆரம்பிப்பான், இவளும் திருப்பிக் கொடுப்பாள், ஒரு மூச்சு சண்டை போட்டால் கொஞ்சம் ஆறும்... அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்தான், புதுசு, நூல்கூடப் பிரிக்காதது, எழுந்துபோய்ச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். "வுட்டுட்டா சரியாப்பூடும் இல்ல?"

"பூடும்" என்றாள். இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் போடாதவன், பாவி, இன்றைக்கென்று பார்த்துச் சொன்ன பேச்சைக் கேட்கிறானே... மில்லும் டாக்டரும் எடுத்தது போக மிச்சமிருந்த ஒரே சுகம், அதை இவள் வாயாலேயே பிடுங்கிக்கொண்டாளா? எதிரில் பெட்டிக்கடை திறந்துதான் இருக்கிறது, ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தால் என்ன, குடிய்யா, நல்லாக் குடி என்று... வாங்கிக் கொடுத்தால், ஏன் என்று கேட்பானே.