பூச்சி தொடாத மூங்கில்

கோனியோ ஏறிய வேகத்தில் ஏணிப்படி ஒன்று முறிந்தது. அவள் நிற்கவில்லை. உள்ளே பாய்ந்து, மொரேயாவின் உதட்டை நெருங்கிவிட்ட பௌபௌவை ஒரே தட்டு. மூங்கில் புகைக்குழாய் தரையில் உருண்டது. அதன் துளையில் செருகியிருந்த புகையிலைச் சுருள் தெறித்துப் பாயைப் பொசுக்கியது.

கடலுக்கு மேல் கால் ஊன்றி நின்ற அந்த வீடு ஒருமுறை ஆடியது.

கல்யாணம் பேச வரும் பெண் வீட்டாருக்குத்தான் முதல் இழுப்பு. அவர்கள் இழுத்துக் குழாயில் புகையை நிரப்பி மற்றவர்களுக்குக் கை மாற்றிய பிறகே பேச்சு தொடங்கும். வந்தவர் வாயிலிருந்து குழாயைத் தட்டிவிட்டால்? எழுந்து போ என்று அர்த்தம்.

பெண்ணின் தாய்மாமன் மொரேயா எழுந்தேவிட்டார்.

"ரருவா, உன் மகனுக்கு எங்க போயோவைக் குடுக்கலாமான்னு பேச வந்தேன். உன் மக பதில் சொல்லிட்டா. நான் வர்றேன்."

"ஐயோ, உக்காருங்க! ஏய் கோனியோ, பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்று அலறினார் அப்பா ரருவா.

மாப்பிள்ளை கவேரா பின்னால் நகர்ந்தான். தங்கையின் கையிலிருந்ததைப் பார்த்து அவன் முகம் வெளிறியிருந்தது. இரண்டு மூங்கில் துண்டுகள்.

"மாமா, ஒரு நிமிஷம்" என்று மூச்சு வாங்கினாள் கோனியோ. ஊர் மருத்துவ நிலையத்தில் கட்டுப் போடுபவள் அவள். "இது நம்ம பழைய கூரை மூங்கில். பாருங்க."

மொரேயா வேண்டாவெறுப்பாக வாங்கிப் பார்த்தார். சல்லடை. தட்டினால் மாவு கொட்டியது.

"வண்டு தின்னிருக்கு. அதுக்கென்ன? எங்க ஊர்லயும் வண்டு இருக்கு."

"இது அண்ணன் குழாய் அறுத்த மிச்சம். வீட்டுக்கு அடியில கிடந்துச்சு. இதுவும் காய்ஞ்சு மஞ்சளான மூங்கில்தான். ஒரு ஓட்டை காட்டுங்க பார்ப்போம்."

மொரேயா திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் ஊசித் துளைகூட இல்லை. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ஓட்டை இல்லாததுதானே நல்லது?" என்றார் ரருவா. "பழைய குழாய் காலையில விரிசல் விட்டுருச்சு. ஓட்டை இருந்தா புகை ஒழுகும்னு இவன்தான் தேடி எடுத்தான்."

"அங்கதான் தப்பு பண்ணிட்டான். ஊர்ல இருக்கிற மூங்கிலையெல்லாம் தின்ன வண்டு இதை மட்டும் ஏன் விட்டுச்சு? வண்டே வாய் வைக்காததுல மாமாவை வாய் வைக்கச் சொல்றீங்களே!"

மொரேயா துண்டை மூக்கருகே கொண்டுபோனார். அறுத்த முகத்தில் எச்சில் தடவி மறுபடி முகர்ந்தார். புருவம் ஏறியது.

"மர மருந்து. வண்டு அரிக்காம இருக்க ஊற வைக்கறது."

"அதேதான். சுவரா நிக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. நெருப்பு வச்சு அந்தப் புகையை நெஞ்சுக்குள்ள இழுத்தா? தோட்டத்துப் புதர்ல மருந்து படாத மூங்கில் நிக்குது. ஒண்ணு வெட்டித் துளை போட எவ்வளவு நேரம் ஆகும்? அண்ணனுக்குச் சோம்பல்!"

மொரேயா சிரித்துவிட்டார். "உன் கை ரொம்பக் கனம்மா. ஆனா என் நெஞ்சைக் காப்பாத்திட்டே." சிரிப்பு சட்டென்று நின்றது. "இரு, இரு. இந்தக் கரையில மூங்கிலை மருந்துத் தொட்டியில ஊற வச்சு வீடு கட்டினவன் நான் ஒருத்தன்தான். தம்பி, இது உனக்கு எங்க கிடைச்சுது?"

கவேரா தரை இடுக்கு வழியே கடலைப் பார்த்தான்.

"சொல்லுடா!" என்றார் ரருவா. "திருட்டு மூங்கில்லயா சம்பந்தம் பேசறது?"

"திருடல அப்பா."

"கடல்ல மிதந்து வந்துச்சோ?" என்றாள் கோனியோ.

மொரேயா கைகாட்டி அவளை அடக்கினார். அவர் கண்கள் சுருங்கின. "என் வீட்டுல எல்லா மூங்கிலும் இருக்கு. பின்பக்க ஜன்னலுக்குக் கம்பியா வச்சதுல மட்டும் ஒண்ணு குறையுது. போயோ படுக்கிற அறை. புயல் காத்து பிடுங்கிட்டுப் போச்சுன்னு அவதான் சொன்னா." குரல் தாழ்ந்தது. "நீதான் பிடுங்கினியா?"

இனி மறைக்க முடியாது என்று கவேராவுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை தவறினால் போயோ கைவிட்டுப் போவாள். பொய் சொன்னாலும் போவாள். நிமிர்ந்து மொரேயாவின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நான் அதைத் தொடக்கூட இல்ல மாமா. வெளியதான் நின்னுட்டிருந்தேன். உள்ள இருந்து அவதான் அறுத்துக் குடுத்தா."